ராணியின் சிவப்புக் கச்சை

நவம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரயிலில் பாவாடை நுனி நனைந்து, முதல் பீரியட் முழுக்கக் குளிர்.

ஆண்டு விழாவுக்கு நாடகம். சரித்திர டீச்சரே எழுதியது. கடற்கரைப் பட்டினத்து ராணி ஒருத்தி. அவளுடைய கப்பல்களை விழுங்கும் கடல் பூதம் ஒன்று. ராணி வாள் எடுக்காமல் பேசியே பூதத்தை ஜெயிக்கிறாள். ராணி, பிலோமினா (இனி பி.). பூதம், சரோஜா. எனக்கு வேஷம் இல்லை. என் குரல் பின் வரிசைக்கு எட்டாதாம்.

"உடுப்பெல்லாம் யார் தைக்கிறீர்கள்?" என்று டீச்சர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. என் கை மட்டும் மேலே இருந்தது. நான்தான் தூக்கினேனா என்று இப்போதும் சந்தேகம்.

"தைக்கத் தெரியுமா கமலா?"

"தெரியும் டீச்சர்."

பொய். எனக்குத் தெரிந்தவை: ஓடு தையல். ஓரம் மடித்து அடிப்பது (கோணலாக). பொத்தான் வைப்பது. கெட்டித் தையல், பாதி. தையல் வகுப்பில் கைக்குட்டை அளவுத் துணியைத் தாண்டி நான் எதுவும் தைத்ததில்லை.

விழா 24, சனிக்கிழமை. பன்னிரண்டு நாள்.


நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டது. பள்ளி விட்டதும் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய் நோட்டும் பென்சிலுமாகத் தூண் தூணாகச் சுற்றினேன். சிலைகளில் ராணி மாதிரி இருக்கும் பெண்கள் யாரும் பி. ஆசைப்படுகிற மாதிரி நீள அங்கி போட்டிருக்கவில்லை. இடுப்பில் அகலமான கச்சை. அதிலிருந்து இரண்டு பக்கமும் நாக்கு நாக்காகத் துணி தொங்குகிறது. நுனி வளைவு. அதை மூன்று பக்கத்துக்கு வரைந்தேன்.

பி. படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ராணியா, கோமணங் கட்டுன பயில்வானா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் சரி. கச்சை மட்டும் நல்ல சிவப்பாக இருக்கட்டும், கடைசி பெஞ்சுக்கும் தெரிய வேண்டும்" என்றார்.

நல்ல சிவப்புக்கு எங்கே போவேன்? யுத்தம் முடிந்தும் துணிக்கு இன்னும் ரேஷன் கார்டுதான். எங்கள் கார்டுக்கு இந்த முறை வந்தது பழுப்பு மல் மட்டும்.


நவம்பர் 15, வியாழன்

பூதத்தின் சட்டை. சரோஜாவின் அப்பா துறைமுகத்திலிருந்து இரண்டு கோணி கொண்டுவந்து கொடுத்தார். நாற்றம் தாங்கவில்லை. உடம்பு ஒன்று, கை இரண்டு வெட்டினேன். மாட்டிப் பார்த்தால் இரண்டும் வலது கைக்கு வெட்டியவை. இடது பக்கம் மாட்டினால் முழங்கை முன்னால் புடைக்கிறது.

சரோஜா மாட்டிக்கொண்டு ஆடிக் காட்டினாள். "பூதத்துக்கு ரெண்டு வலது கைதான்டி. அதான் கப்பலைப் புடிச்சு முழுங்குது." டீச்சரும் ஒப்புக்கொண்டார். தப்பித்தேன்.

செதில்: மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய ஈயத்தாள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்குமே, அது. மைதாப் பசை. 140 செதில் வெட்டினேன், விரலில் கொப்புளம்.

அம்மா: "படிக்கச் சொன்னா குப்பை பொறுக்கிகினு கீறா இவ."


நவம்பர் 17, சனி

அம்மா நேற்றே நெட்டுக்குப்பம் போய்விட்டாள். சித்திக்கு விடாத ஜுரம். அடுத்த சனிக்கிழமைதான் வருவாள். சமையல் என் தலையில். ரசம் உப்பு. நைனா குடித்துவிட்டு இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார்.

சிவப்பு கிடைத்துவிட்டது!

கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. அதன் அடியில், பழைய காக்கிச் சட்டைக்குக் கீழே, மடித்து வைத்த நைனாவின் கொடி ஒன்று. நைனா ரயில்வே கேட் கீப்பர்; ஆபத்தென்றால் ரயிலை நிறுத்தக் காட்டுகிற கொடி. ஒரு மூலை கிழிந்தது. ஆடி மாதம் காற்றில் கேட்டுக் கம்பியில் மாட்டிக் கிழிந்தபோது, "இது இனிமே ஒண்ணுத்துக்கும் ஒதவாது" என்று நைனா அம்மாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். வெயில் படாமல் கிடந்ததால் நிறம் அப்படியே இருக்கிறது. நைனா இப்போது வைத்திருக்கும் கொடியைவிட நல்ல சிவப்பு.

கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம். நைனா கேட்டில் இருந்தார். ரயில் வரும் நேரம்.

நடுவில் நேராக வெட்டி இரண்டு நாக்கு. நுனியில் தட்டை வைத்துக் கோடு போட்டு வளைத்தேன். கத்தரிக்கோல் மொட்டை. துணி முரடு, வெட்டின இடமெல்லாம் நூல் நூலாகப் பிரிகிறது. வளைவில் போன மூலைத் துண்டுகள் நான்கு. அதில் ஒன்றில் கறுப்பு மையில் நம்பர் குத்தியிருந்தது. அதை மட்டும் இரண்டாக மடித்து, நம்பர் உள்பக்கம் போகிற மாதிரி தைத்துப் பூதத்துக்கு நாக்கு செய்தேன். மிச்சம் மூன்றும் கச்சையின் பொத்தான் பட்டைக்கு.


நவம்பர் 18, ஞாயிறு

நாள் முழுக்கத் தையல். கச்சைக்கு அம்மாவின் பழைய பாடித் துணி, அதன் மேல் இரண்டு சிவப்பு நாக்கு, ஓரத்தில் ஈயத்தாள் பொட்டு. என் இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். நடந்தால் இரண்டும் அசைகின்றன. கோயில் தூணில் இருப்பது போலவே. தையல் மட்டும் எறும்பு நடந்தது போல. தூரத்திலிருந்து யாருக்குத் தெரியப் போகிறது.

இவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தேன் என்று நினைவில்லை.


நவம்பர் 19, திங்கள்

காலையில் கச்சையையும் பூதத்தின் நாக்கையும் டீச்சரிடம் கொடுத்தேன். கச்சையை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாக்கைச் சரோஜா பழகிப் பார்க்க வேண்டும் என்று எடுத்துப் போனாள். டீச்சர் வகுப்பில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வீடு வந்தால் டிராலி தள்ளும் மாணிக்கம் மாமா கேட்டில் நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரைத் தண்டவாளத்தில் டிராலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்.

"பெருமாளு, வெள்ளிக்கெழம பெரிய சாரு வர்றாரு. கேட் கேட்டா செக்கிங். எல்லாம் எண்ணி வச்சிக்கோ மாமு. அந்தாண்ட ஒருத்தன் கணக்குல ஒரு கொடி கொறஞ்சிச்சு. ஆளு டெம்பரரியா, மறுநாளே வூட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

நைனா சிரித்தார். "நம்மகிட்ட எல்லாம் கரெக்டா கீது." விரல் விட்டு எண்ணினார். சிவப்பு ரெண்டு. பச்சை ஒண்ணு. விளக்கு ரெண்டு. ஆபத்தென்று டிரைவருக்குச் சத்தம் கேட்கத் தண்டவாளத்தில் வைக்கிற பட்டாசு ஆறு.

"ரெண்டாவது சிவப்பு கிழிஞ்சது தானே?" என்றார் மாமா.

"கிழிஞ்சா இன்னா? கந்தலைக் குடுத்தாத்தான் புதுசு குடுப்பான். நம்பரு இருந்தா போதும். பெட்டிக்கு அடியில பத்திரமா வச்சிருக்கேன்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.


நவம்பர் 20, செவ்வாய்

சாப்பிட முடியவில்லை. கணக்குப் பரீட்சையில் என்ன எழுதினேன் என்று தெரியாது.

நைனாவும் இன்னும் டெம்பரரிதான். ஐந்து வருஷமாக. அடுத்த செக்கிங்கில் நல்ல ரிப்போர்ட் வந்தால் பர்மனென்ட் ஆகலாம் என்று அம்மா நெட்டுக்குப்பம் கிளம்பும்போதுகூடச் சொன்னாள். இந்த ஒற்றை அறை வீடு ரயில்வேயுடையது. வேலை போனால் வீடும் போகும். பள்ளிக்கு வரும் ரயில் பாஸும் போகும்.

என்ன செய்யலாம்:
1. நைனாவிடம் சொல்வது. (முடியாது.)
2. கச்சையைப் பிரித்து மறுபடி கொடியாகத் தைப்பது. அப்படியானால் ராணிக்குக் கச்சை இல்லை. டீச்சரிடம் என்ன சொல்வது?
3. சிவப்புத் துணி வேறு வாங்குவது. எங்கே? நம்பர்?

நம்பர் சரோஜா வீட்டில், பூதத்தின் வாய்க்குள்.

மாலையில் நைனா பெட்டியை வெளியே இழுத்தார். மேலே இருந்த காக்கிச் சட்டையை மட்டும் எடுத்துப் பொத்தானைப் பார்த்துவிட்டு, "கண்ணு, வெள்ளிக்கெழமக்கி இதத் தோச்சு வச்சிடு" என்று சொல்லிப் பெட்டியை மூடினார்.


நவம்பர் 21, புதன்

மழை. கடலில் புயல் சின்னமாம்.

டீச்சரிடம் போனேன். கச்சை வேண்டும், திரும்பித் தர முடியாது என்றேன். காரணம் கேட்டார். "அது எங்களுடையது இல்லை டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். திருடினேன் என்று நினைத்திருப்பார். அப்படி நினைத்தால் அது தவறும் இல்லை. சாவியை எடுத்துத் திறந்து கொடுத்துவிட்டார்.

பி. வாசலில் மறித்துக்கொண்டாள். "நாளன்னிக்கி மறுநாள் டிராமா, இப்ப வந்து புடுங்கிகினு போறியே. நான் இன்னா வெறும் பாவாடையோட நின்னு பூதத்தாண்ட பேசறதா? ஒனக்கு வேஷம் குடுக்கலைன்னு பொறாமைடி." அவள் கண்ணில் தண்ணீர். அவளுக்கும் இது பெரிய விஷயம்தான்.

சரோஜாவின் வீடு காசிமேட்டுப் பக்கம். அங்கே போய்ச் சேர்வதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். நாக்கைக் கேட்டதும் சிரித்தாள். "நாக்கு இல்லாத பூதம் எப்படிடி பேசும்?" என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உள்ளே போய்க் கொண்டுவந்தாள். அதன் மேல் அடுப்புக்கரி பூசி வைத்திருந்தாள். "பயங்கரமா இருக்கட்டும்னு பண்ணேன்."

ரயிலிலேயே தையலைப் பிரித்தேன். கரி உள்ளே இறங்கவில்லை. நம்பர் இருக்கிறது. நம்பர் இருக்கிறது.


நவம்பர் 22, வியாழன்

பள்ளிக்குப் போகவில்லை. தலைவலி என்று நைனாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்குப் போனதும் தொடங்கினேன்.

இரண்டு நாக்கு, நான்கு மூலை. மைதாப் பசையை ஊறவைத்துச் சுரண்டினேன். ஈயத்தாள் ஒட்டிய இடமெல்லாம் வெளுத்த வட்டம். சிவப்பு நூல் கிடையாது. வெள்ளை நூலைக் குங்குமத் தண்ணீரில் முக்கி உலர்த்தினேன். விரலெல்லாம் சிவப்பு. நடுத் தையல் போட்டதுமே துணி குறுகிவிட்டது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் சுருங்குகிறது. ஒரு மூலையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். பிரித்த இடத்தில் ஓட்டை வரிசை.

கஞ்சி குடிக்க நைனா வந்ததை நான் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் தூக்கியது, தைக்கத் தெரியும் என்ற பொய், பெட்டி, தட்டு, கத்தரிக்கோல், பூதத்தின் நாக்கு.

அடிப்பார் என்று நினைத்தேன். நைனா தரையில் உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்துபோயிருந்தது. நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டார். முதலில் கேட்டது இதுதான்:

"நம்பரு கீதா?"

"கீது நைனா."

காட்டினேன். இரண்டு விரலால் அதைத் தடவிப் பார்த்தார். மறுபடி தடவினார். நைனாவுக்குப் பயம் வந்து நான் பார்த்ததே இல்லை. இஞ்சின் பக்கத்திலேயே நிற்கிற மனுஷன். என் பயத்தை எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தேன். அவருடையதைப் பார்க்க முடியவில்லை.

"அம்மாவாண்ட இப்ப சொல்லாதே. தை. நான் புடிச்சுக்கறேன்."

துணியை இரண்டு பக்கமும் இறுகப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் தையல் நேராக வந்தது. வண்டி வரும் நேரமானால் எழுந்து ஓடிக் கேட்டை மூடுவார். வண்டி போனதும் வந்து மறுபடி அதே இடத்தில் பிடிப்பார். மூன்று தடவை. கஞ்சி ஆறி ஆடை கட்டிக்கிடந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "கேட்டிருந்தா மாணிக்கத்தாண்ட சொல்லி எங்கனா ஒரு செவப்பு வாங்கியாந்திருப்பேனே கண்ணு" என்றார்.

முடிந்தது. அளவில் இரண்டு விரல் குறைவு. நடுவில் தழும்பு போல ஒரு கோடு, நான்கு மூலையிலும் நான்கு. நைனா அதைக் கம்பில் மாட்டிச் சுருட்டினார்.


நவம்பர் 23, வெள்ளி

தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது. கதவிடுக்கில் நின்றேன்.

டிராலி பத்தரைக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் பருமனானவர், குடைக்குள்ளேயே எல்லாம். மாணிக்கம் மாமா பின்னால் நின்று நைனாவுக்குக் கண்ணைக் காட்டினார். விளக்கு சரி. பட்டாசு எண்ணினார், சரி. பச்சை சரி. பிறகு நைனா தினமும் வைத்திருக்கும் சிவப்பை விரித்தார்.

"என்னய்யா பெருமாள், இது சிவப்பா? ரோஸ் பவுடர் மாதிரி இருக்கு. டிரைவர் பார்த்தா கல்யாண வீட்டுத் தோரணம்னு நினைச்சுட்டுக் கையை ஆட்டிட்டுப் போவான்." மாமா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்தே ஆக வேண்டும். "இன்னொண்ணு எங்கே?"

நைனா நீட்டினார். இன்ஸ்பெக்டர் பாதி விரித்தார். முதலில் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பிறகு தையல் கோட்டில் விரலை வைத்தார்.

"தச்சிருக்கே?"

"காத்துல கேட்டுக் கம்பியில மாட்டிக்கினு கிழிஞ்சிதுங்க. வூட்லயே தச்சுட்டோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பரவாயில்லையே. சிக்கனம். கலர் நல்லா இருக்கு, இது ஓடும். அந்த வெளுத்ததை நான் கொண்டுபோறேன்."

"அப்ப புதுசு எப்பங்க வரும்?" என்றார் நைனா.

"ஸ்டோர்ல துணியே இல்லைய்யா. யுத்தம் முடிஞ்சுதுன்னா மறுநாளே எல்லாம் வந்து குதிச்சிடுமா? பொங்கல் கழியட்டும். ரிப்போர்ட் நல்லாவே எழுதறேன், கவலைப்படாதே."

நைனா வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மூடிக்கொண்டார். உதறினால் இது தாங்காது என்று சொன்னால், யார் வெட்டியது, ஏன் வெட்டியது என்று எல்லாம் வரும். டிராலி போய்விட்டது.

கொடி கணக்கில் குறைந்துவிடும் என்று ஐந்து நாள் பயந்தேன். தைத்த கொடியே பாஸ் ஆகி, நைனாவிடம் அது ஒன்றுதான் மிஞ்சும் என்று ஒரு தடவைகூடப் பயப்படவில்லை.


நவம்பர் 24, சனி

விழா. டீச்சர் தம்முடைய அரக்குப் பட்டுப் புடவையைக் கொசுவி பி.யின் இடுப்பில் கட்டிவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. பூதம் வாயைத் திறக்கவேயில்லை, மூக்கால் பேசியது. கைதட்டல். பி. என்னோடு பேசவில்லை. சரோஜா பேசினாள். நான் பாதியைப் பார்க்கவில்லை. மேடையில் யார் எதை அசைத்தாலும் என் கண்ணுக்குத் துணி பிரிவது போலவே தெரிந்தது.

வீட்டில் அம்மா வந்திருந்தாள். சித்திக்கு ஜுரம் விட்டதாம். நைனாவே சொல்லிவிட்டார் போலிருக்கிறது. அம்மா கொடியை மடியில் போட்டுக்கொண்டு விளக்கு ஏற்றும் நேரம் வரை பார்த்தாள். திட்டினாள். நிறையத் திட்டினாள். "வெட்டறதுக்கு முன்ன நாக்கு இல்ல ஒனக்கு? பூதத்துக்கு நாக்கு தைக்கப் பூட்டா!"

திட்டி முடித்ததும் கேட்டேன். "நீ ஒரு தடவை நல்லாத் தச்சுக் குடு அம்மா."

அம்மா தையல் கோட்டின் இரண்டு பக்கமும் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகக் காட்டினாள். ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் வந்தது. "இதுல இனிமே ஊசி போட்டா துணியே பூடும். பொங்கலு வரைக்கும் அவரு இத ஒதறாம இருக்கணும், அவ்ளோதான்."

சிவப்பைச் சும்மா விரித்துப் பிடித்தால் போதாது. போன வருஷம் மாட்டு வண்டி அச்சு முறிந்து கேட் நடுவில் நின்றபோது நைனா தண்டவாளத்தோடு ஓடிக்கொண்டே தலைக்கு மேல் உதறினார். நான் பார்த்திருக்கிறேன். அந்த உதறலில் சத்தம் வரும்.


நவம்பர் 25, ஞாயிறு

காற்று. அம்மா மீன் குழம்பு வைத்தாள். நைனா கேட்டுக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் நின்று கொடியை ஒரு தடவை மெதுவாக விரித்துப் பார்த்தார். உதறவில்லை. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ரயில் வரும்போதெல்லாம் கேட் மூடுவதற்கு முன் தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறேன். எந்த மாட்டு வண்டியில் சுமை அதிகம், எந்த மாடு நொண்டுகிறது. இன்று பதினொரு ரயில். ஒன்றும் ஆகவில்லை.


நவம்பர் 26, திங்கள்

கொட்டுகிற மழை. காலை ரயிலில் ஜன்னல் பக்கம் இடம் பிடித்தேன். சாரல் அடித்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், "ஜன்னல மூடேன்மா, நனையுது" என்றாள். "இதோ, அந்தக் கேட் தாண்டட்டும்" என்றேன்.

நைனா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். வலது கையில் பச்சை, விரித்து. இடது அக்குளில் சிவப்பு, சுருட்டி, கம்போடு சேர்த்து இறுக்கி.

கேட்டுக்கு அந்தப் பக்கம் கட்டை ஏற்றிய வண்டி ஒன்று. மாடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் இறங்கிச் சக்கரத்தடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் ரயில் தாண்டிவிட்டது. நைனா கேட்டைத் திறப்பார், அந்த வண்டி தண்டவாளத்தில் ஏறும். பின்னால் 9.20 ரயில் வரும்.